பறவை பார்க்கப் போறீங்களா? முதல்ல கேமரா வாங்காதீங்க

விடியற்காலையில் புளோக் முழுவதையும் எழுப்பிவிடும் குயிலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பார்த்திருக்கிறீர்களா? ஆண் குயில் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெளிர்புள்ளி. இலைகளுக்குள் உட்கார்ந்துகொண்டால் வெறுங்கண்ணுக்குச் சிக்காது.

அதைத் தேடக் கிளம்பும் பலர் நேராகப் போவது கேமரா கடைக்குத்தான். நீளமான லென்ஸ், முக்காலி என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கரைந்துவிடும். ஆனால் அந்த லென்ஸில் தெரிவதோ மிகக் குறுகிய இடம். பறவை எங்கே என்று தேடுவதற்குள் அது பறந்துவிடும். முதலில் வேண்டியது ஒரு நல்ல பைனாகுலர். அவ்வளவுதான்.

8×42 என்றால் என்ன?

எல்லா பைனாகுலரிலும் இப்படி இரண்டு எண்கள் இருக்கும். 8 என்பது உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில்.

"அப்போ 10 மடங்கு இன்னும் நல்லதுதானே?" என்று தோன்றும். உங்கள் கை நடுக்கத்தையும் அது 10 மடங்கு பெரிதாகக் காட்டும். தெரியும் பரப்பும் பொதுவாகச் சுருங்கும். இன்னொரு கணக்கும் உண்டு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10×42-இல் அது 4.2, பாக்கெட்டில் அடங்கும் 8×25-இல் 3-தான். புக்கிட் தீமா மாதிரி நிழல் அடர்ந்த காட்டில் அந்த வித்தியாசம் பளிச்செனத் தெரியும்.

தொடங்குபவர்களுக்கு 8×42 போதும். ஏறக்குறைய 150 முதல் 300 வெள்ளிக்குள் தேடுங்கள். 'ஸூம்' வசதி உள்ள மலிவு பைனாகுலர் வேண்டாம். படம் மங்கலாக இருக்கும். கண்ணாடி போடுபவரா? 'ஐ ரிலீஃப்' 15 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

நம்ம ஊர் ஈரப்பதம்

இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்; படர்ந்துவிட்டால் சுத்தம் செய்வது கஷ்டம். தண்ணீர் புகாத, உள்ளே நைட்ரஜன் நிரப்பிய மாடலை வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கொசு மருந்து தடவிய கையோடு தொடாதீர்கள். சில மருந்துகள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

வாங்கியாச்சா? வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது குழாயில் உள்ள வளையத்தைத் திருப்புங்கள். ஒருமுறை செய்தால் போதும். பறவையைக் கண்டதும் பார்வையை எடுக்காமல் பைனாகுலரை மட்டும் கண்ணுக்குத் தூக்குங்கள். வீட்டு ஜன்னலில் மைனாவைப் பார்த்துப் பழகலாம்.

கைப்பேசியில் 'மெர்லின்' செயலி போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் உருவாக்கியது, இலவசம். குரலையோ படத்தையோ வைத்து என்ன பறவை என்று சொல்லும். அது ஊகம்தான், கண்ணால் உறுதிப்படுத்துங்கள்.

ஆனால் அதிலுள்ள குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டைவிட்டுக் கிளம்பும். முட்டையும் குஞ்சும் காவலின்றிக் கிடக்கும். இரை போட்டு வரவழைப்பதும் கூடாது. வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

எங்கே போகலாம்?

பூமலையில் தொடங்கலாம், மஞ்சள் மாங்குயில் சுலபமாகக் கண்ணில் படும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் சுங்கை பூலோவுக்குப் போங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் கரையோரப் பறவைகள் அங்கே தங்கும். போவதற்கு முன் கடல் ஏற்ற நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் ஏறும்போது சேற்றுத்திட்டுகள் மூழ்கி, பறவைகள் உள்குளங்களுக்கு வரும். மறைவிடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால், உங்கள் 8×42-க்குள்ளேயே அவை வந்துவிடும்.