பூனைக்காலி விதையும் ஒரு மூளைப் புரதமும்: பார்க்கின்சன் நோயின் மெட்ராஸ் கதை

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

இந்த வாரக் கதை ஒரு பொடி டப்பாவில் இருந்து ஆரம்பிக்குது.

எங்க தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினவர். தலைமுடி அளவு பிசகினாலும் பீஸைத் தூக்கி ஓரமா வெச்சிடுவார்னு அப்பா சொல்வார். ஆறு வருஷமா அவருக்குப் பார்க்கின்சன். காலையில் முதல் மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் அவரால் சட்டைப் பட்டன் போட முடியாது. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது "டேய், மணி என்னடா ஆச்சு?"ன்னு கேட்பார். அடுத்த மாத்திரைக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம்.

ஆவடியில் இருக்கிற எங்க அத்தை தீபாவளிக்கு வந்தப்ப பூனைக்காலி விதைப் பொடி ஒரு டப்பா வாங்கிட்டு வந்தாங்க. "அப்பாவுக்கு இந்த இங்கிலீஷ் மாத்திரையே வேணாம். இது நம்ம மருந்து, பக்க விளைவே கிடையாது. நிறுத்திட்டு இதைக் குடுங்க." எங்க அப்பா ஒத்துக்கலை. அண்ணன் தங்கைக்குள்ள பேச்சு முத்திடுச்சு. ஒருத்தர் அக்கறையில் பேசுறாங்க, இன்னொருத்தர் பயத்தில் பேசுறார். ரெண்டு பேரும் சொல்றதில் எது சரின்னு எனக்கும் தெரியலை. அதனால தேட ஆரம்பிச்சேன். தேடினா அந்த டப்பாவோட கதை நம்ம சேப்பாக்கத்துக்கே போய் நிக்குது.

1937, சேப்பாக்கம்

பூனைக்காலி கிராமத்துப் பசங்களுக்குத் தெரிஞ்ச கொடிதான். காயின் மேல் இருக்கிற சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் அதோட விதையைக் காலங்காலமா பயன்படுத்துறாங்க.

1937-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையில் இருந்து ஒரு அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் எல்-டோபா. இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' அந்தக் கட்டுரையை வெளியிட்டது.

எல்-டோபா அப்போது உலகத்துக்குப் புதுசு இல்லை. 1913-லேயே ஐரோப்பாவில் மார்கஸ் குகன்ஹைம் ஒரு வகை அவரையில் அதைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டரை கிராம் தானே விழுங்கிப் பார்த்து, கடுமையாக வாந்தி எடுத்து, இதில் மருந்தாக ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார். சேப்பாக்கத்துக்காரர்களின் பங்கு என்னவென்றால், நம்ம ஊர்க் கொடியின் விதையிலும் அதே பொருள் இருக்கிறது என்று காட்டியது.

இன்றைக்குத் தாத்தா சாப்பிடுகிற மாத்திரையில் இருக்கும் முக்கியமான மருந்தும் அதே எல்-டோபாதான். லெவோடோபா என்று அட்டையில் போட்டிருக்கும். அதாவது எங்க வீட்டில் எந்த ரெண்டு மருந்தை வெச்சுச் சண்டை நடந்ததோ, அந்த ரெண்டும் ஒரே மூலக்கூறு!

அப்படின்னா 1937-லேயே பார்க்கின்சனுக்கு மருந்து கிடைச்சிருக்கணுமே? கிடைக்கலை. ஏன்னா அந்த மூலக்கூறு மூளையில் என்னவா மாறும், அது எதுக்குப் பயன்படும்னு அன்னிக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. பூட்டு எங்க இருக்குன்னு தெரியாம சாவி மட்டும் கையில் இருந்த நிலைமை.

முயல்கள் எழுந்த கதை

பூட்டைக் காட்டியதும் இன்னொரு இந்தியச் செடிதான். சர்ப்பகந்தி. இதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் எழுதிய கட்டுரை உலகத்தின் கவனத்தை இழுத்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதில் இருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. அதைச் சாப்பிட்ட சிலருக்குப் பார்க்கின்சன் மாதிரியே உடம்பு இறுகிப்போனது.

ஏன் என்று பார்க்க மூளைக்குள் கொஞ்சம் போகணும். ஒரு நரம்பு செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் மிகச் சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடம்தான் சினாப்ஸ். செய்தியை அனுப்பும் செல், டோபமைன் போன்ற வேதிப்பொருளைக் குட்டிக் குட்டிப் பைகளில் நிரப்பி முனையில் தயாராக வைத்திருக்கும். மின் துடிப்பு வந்ததும் பை செல்லின் சவ்வோடு ஒட்டித் திறந்து, உள்ளே இருப்பதை இடைவெளியில் கொட்டும். ரெசர்பின் இந்தப் பைகளை நிரம்பவிடாது. பை இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது.

1957-ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசைவில்லாமல் சரிந்து கிடந்தன. பிறகு டோபா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்தன. டோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது, அந்த டோபமைனே ஒரு செய்தி தூதுவர் என்பது இப்படித்தான் புரிய ஆரம்பித்தது. இதற்காக அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். 1960-ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். 1961-ல் பிர்க்மையரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டுப் பார்த்தார். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ், அளவை மெல்ல மெல்லக் கூட்டி வாய்வழியாகக் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சேப்பாக்கத்தில் இருந்து இதுக்கு 30 வருஷம்!

ஒர்க்அரவுண்ட்

இப்ப நம்ம தொழில் பாஷையில் ஒரு கேள்வி. எல்-டோபா பக்-ஐ சரி பண்ணுதா, இல்ல அது ஒரு ஒர்க்அரவுண்டா?

ஒர்க்அரவுண்ட்தான். டோபமைன் தயாரிக்கிற செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. மிச்சம் இருக்கிற செல்களுக்கு நாம் மூலப்பொருளை அதிகமாக அனுப்புகிறோம், அவ்வளவுதான். செல் குறையக் குறைய, மாத்திரை வேலை செய்யும் நேரமும் சுருங்குகிறது. முதல் வருஷம் தாத்தா ஒரு நாளைக்கு மூணு மாத்திரை சாப்பிட்டார், இப்ப ஐந்து வேளை.

அப்போ பக் எங்கே? 1912-லேயே ஃபிரெட்ரிக் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயாளிகளின் மூளை செல்களுக்குள் உருண்டையான கட்டிகளைப் பார்த்தார். இன்றைக்கு அவற்றை லூயி உருண்டைகள் என்கிறோம். அவை எதனால் ஆனவை என்று தெரிய 85 வருஷம் ஆனது.

விடை ஒரு மீனில் இருந்து வந்தது. 1988-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மரோட்டோ, கம்பனெல்லி, ஷெல்லர் மூவரும் மின்சாரத் திருக்கையின் மின் உறுப்பில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். சினாப்ஸிலும் நியூக்ளியஸிலும் இருப்பதாகத் தெரிந்ததால் சினூக்ளின் என்று பெயர் வைத்தார்கள். நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அப்போது யாரும் நினைக்கவில்லை.

1997-ல் ரெண்டு செய்தி. தலைமுறை தலைமுறையாகப் பார்க்கின்சன் வந்த ஒரு இத்தாலியக் குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும், ஆல்ஃபா-சினூக்ளின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை பாலிமெரோபோலஸ் குழு கண்டுபிடித்தது. சில மாதத்தில் ஸ்பில்லன்டினியும் கோடர்ட்டும் லூயி உருண்டைக்குள் நிறைந்திருப்பது அதே புரதம்தான் என்று காட்டினார்கள். 2003-ல் இன்னொரு குடும்பம். அவர்களுடைய புரதத்தில் எந்தப் பிழையும் இல்லை, ஆனால் அந்த மரபணு கூடுதல் பிரதிகளாக இருந்தது. நல்ல புரதம்கூட அளவுக்கு மிஞ்சினால் நோய் வருகிறது.

அப்படின்னா அந்தப் புரதத்தையே தூக்கிடலாமே? இங்கதான் சிக்கல். அது சும்மா உட்கார்ந்திருக்கிற புரதம் இல்லை. 140 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சின்னப் புரதம், மேலே சொன்ன பைகளின் மேல் ஒட்டிக்கொண்டு, பை சவ்வோடு சேர உதவும் ஸ்நேர் என்ற புரதத் தொகுதி ஒன்றுகூடத் துணை செய்கிறது. இதை 2010-ல் தாமஸ் சூடாஃப் குழு காட்டியது. அதற்கு முன்பே, 2005-ல், அதே குழுவில் ஸ்ரீகங்கா சந்திரா செய்த வேலை இன்னும் ஆச்சரியம். சினாப்ஸைப் பாதுகாக்கும் வேறொரு புரதம் இல்லாமல் பிறந்த எலிகள் சீக்கிரம் செத்துவிடும். அவற்றுக்குக் கூடுதலாக ஆல்ஃபா-சினூக்ளின் கொடுத்தால் பிழைக்கின்றன. அந்தப் புரதத்தையும் எடுத்துவிட்டால் நிலைமை மோசமாகிறது. வில்லன்னு நினைச்ச ஆள் காவல்காரனா வேலை பார்த்துக்கிட்டு இருந்திருக்கான்.

அது எப்போது கெடுகிறது? 2020-ல் ஐஐடி பம்பாயில் சமீர் மாஜியின் குழு ஒரு படியைக் காட்டியது. இந்தப் புரதம் முதலில் ரசத்தில் மிதக்கிற எண்ணெய்த் துளி மாதிரி தனித்தனித் துளிகளாகப் பிரிகிறது. நாளாக ஆக அந்தத் துளிகள் நெய் உறைகிற மாதிரி இறுகி, நார்களாகின்றன. நெய்யைச் சூடு பண்ணினா இளகும். இது இளகாது.

இந்தக் கட்டிகளைப் பிடித்து அகற்றும் எதிர்ப்பொருள் மருந்துகள் ரெண்டின் சோதனை முடிவுகள் 2022-ல் வந்தன. ரெண்டுமே எதிர்பார்த்த முக்கிய இலக்கை எட்டவில்லை. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் லேப்டாப்பை மூடிட்டு, தாத்தா தூங்குறதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தேன்.

டப்பா என்ன ஆச்சு?

அத்தை சொன்னது முழுக்கத் தப்பு இல்லை. 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த சின்ன ஆய்வில், 30 கிராம் பூனைக்காலி தயாரிப்பு வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்து, கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தது. ஆனா அது அளந்து, சோதிச்சுக் கொடுத்த பொடி. கடையில் வாங்குற டப்பாவில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு எல்-டோபா இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் இருக்கு. எல்-டோபா மூளைக்குப் போகும் முன்னாடியே ரத்தத்தில் டோபமைனா மாறி வாந்தியைக் கிளப்பாம இருக்க அதுதான் காவல். விதையில் அது கிடையாது. குகன்ஹைம் வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கா? மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உடம்பு இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

டப்பாவை எடுத்துக்கிட்டு அத்தையையும் கூட்டிக்கிட்டு நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் சிரிக்கலை, திட்டலை. "ரெண்டும் ஒரே சரக்குதாம்மா. மாத்திரையில் அளவு எனக்குத் தெரியும், இதுல தெரியாது. ரெண்டையும் சேர்த்துக் குடுத்துடாதீங்க"ன்னார். அப்புறம் சாப்பாட்டு நேரத்தைப் பத்திக் கேட்டார். பருப்பு, முட்டை மாதிரி புரதச் சாப்பாட்டில் இருந்து வர்ற அமினோ அமிலங்களும் எல்-டோபாவும் ஒரே வாசல் வழியாத்தான் மூளைக்குள் போகணும். நாங்க இத்தனை நாளா தோசை சாம்பாரோட சேர்த்தே மாத்திரை கொடுத்துட்டு இருந்தோம்!

இப்ப சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி மாத்திரை. மருந்தும் அதேதான், அளவும் அதேதான், ஆனா காலை நேரம் கொஞ்சம் பரவாயில்லை. செல்கள் சாகிறது நிக்கலை, அதுவும் எங்களுக்குத் தெரியும். அத்தை தினமும் காலையில் ஆவடியில் இருந்து போன் பண்றாங்க. "அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா? இன்னும் சாப்பிடலையே?"

உங்க வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தா, கொடுத்தவங்களோட சண்டை போடாதீங்க. டப்பாவையும் அவங்களையும் சேர்த்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.