விருந்து

வாழையிலையில் பரிமாறும் பலவகை உண்டியையே இன்று விருந்து என்று வழங்குகின்றோமாயினும், அச்சொல்லின் ஆதிப்பொருள் புதுமை என்பதே. புதுவதாக யாக்கப்படும் செய்யுளுக்கும் தொல்காப்பியர் அப்பெயரையே இட்டிருக்கிறார். ஆகவே, முன்பின் அறியாத புதியவனாய் வாயிலில் வந்து நின்றவனே விருந்து; சுற்றமும் நட்பும் வேறு.

கிரேக்கரும் 'க்ஸெனோஸ்' என்னும் ஒரே சொல்லால் அந்நியனையும் அதிதியையும் சுட்டினர். ஹோமரின் ஒடிஸி காவியத்தில், தெப்பம் உடைந்து பரதேசத்தில் கரையேறி, அரண்மனை அடுப்பங்கரைச் சாம்பலில் அமர்ந்த ஒடிசியஸை அரசன் அல்கினூஸ் கைப்பிடித்து எழுப்பி, தன் பிரிய புத்திரனை எழச்செய்து அவ்வாசனத்தில் இருத்துகிறான். பொற்கெண்டியால் கைக்கு நீர் வார்க்கச் செய்து, அன்னமிட்டு, மறுநாளும் உபசரித்த பின்னரே அவன் பெயரை வினவுகிறான். எத்தனை முறை படித்தாலும் நெஞ்சை உருக்கும் இடம் அது!

அயல்நாட்டிலிருந்து வந்து நம் தெருமுனையில் வழி கேட்டு நிற்பவரையும் விருந்து என்றே அழைத்தல் தகும்.