இருதயத் தழும்பும் காந்தப் படமும்

நாடி தாளந் தவறி ஓடுவதை நம் முன்னோர் விரல் வைத்தே அறிந்தனர். அதன் காரணத்தை அறியவோ கருவி வேண்டியிருந்தது. ஒல்லாந்து தேசத்து ஐந்தோவன் ஆக்கிய கருவி இருதயத்தின் மின்னலைகளை வரைந்து காட்டிற்று. அத்தகைய கருவியின் துணைகொண்டு, சோணையறைகளின் நடுக்கமே ஒழுங்கற்ற நாடிக்குக் காரணமென இலண்டன் வைத்தியர் தோமஸ் லூயிஸ் 1909இல் நிறுவினார்.

அந்நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகளிற் பெரும்பாலானவை நுரையீரல் நாளங்களிலிருந்து எழுவதை, 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து ஐசகேர் குழுவினர் வெளியிட்டனர். அந்நாள வாயில்களைச் சுட்டு மின்னோட்டத்தைத் தடுக்கும் சிகிச்சை வளர்ந்தது. ஆயினும் பலருக்கு நோய் மீண்டது. ஏன்?

சோணையறைச் சுவரிற் படர்ந்த நார்த்தழும்பு ஒரு காரணம். கடோலினிய மருந்தை ஏற்றிக் காந்தப் படம் எடுத்தால், மருந்து தங்கிய தழும்பு வெண்மையாய் ஒளிரும். தழும்பு மிகுந்தோருக்கு நோய் மீள்வதும் மிகுதியென 2014இல் ஓர் ஆய்வு காட்டியது.

அவ்வாறாயின் தழும்பையுஞ் சுட்டால் நோய் தீருமன்றோ? மரூஷ் என்னும் வைத்தியரும் துணைவரும் 843 நோயாளரிடம் இதனைச் சோதித்தனர். 2022இல் முடிவு வெளியாயிற்று. நாள வாயிலை மட்டும் சுட்டோரில் 46.1 வீதத்தினருக்கும், தழும்பையுஞ் சேர்த்துச் சுட்டோரில் 43 வீதத்தினருக்கும் நோய் மீண்டது. இச்சிறு வேறுபாட்டைப் பயனெனக் கொள்ள இடமில்லை. மேலும், பின்னைய பிரிவில் அறுவருக்கு மூளையில் இரத்தவோட்டந் தடைப்பட்டது. முன்னையதில் ஒருவருக்கும் இல்லை.

வாலிப அன்பர்களே! காரணத்தைக் கண்டவுடன் மருந்தையுங் கண்டோமென எண்ணுவது மனித இயல்பு. தாம் நம்பிய கருத்தையே சோதனைக்கு உட்படுத்தி, தமக்கு மாறான முடிவையும் மறையாது உலகறியச் செய்தல் கற்றோர் கடன்.