பறங்கிப்புண்: ஒரு சொல்லின் வரலாறு

வத்தலக்குண்டு, திண்டுக்கல் முதலிய ஊர்களின் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் பறங்கிப்பட்டை கிடைக்கின்றது. பெயரிற் பட்டையாயினும் அது கொடியொன்றன் கிழங்கேயாம். அப்பெயரை ஆராயப் புகின், பறங்கிப்புண் என்னும் சொல்லும் உடன் வந்து நிற்கும்.

1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியரைத் தமிழர் பறங்கியர் என்றனர். அவர் வரவிற்குப்பின் இங்குப் பரவிய சிபிலிஸ் என்னும் பால்வினை நோய், பறங்கிப்புண் எனப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசமும் இதனைப் பிரங்க ரோகம் என்றே குறிக்கின்றது. கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா, 1563இல் வெளிவந்த தம் நூலில் அக்கிழங்கை இந்நோய்க்கு மருந்தாகக் கூறுகின்றார். மேனாட்டிலோ, இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர்; பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். பழியைப் பிறர்மேல் ஏற்றுதல் எந்நாட்டார்க்கும் பொதுவென்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு வழக்கு மேகம் என்பது. அது நீரிழிவையும் வெட்டையையும் பிறவற்றையும் ஒருங்கே தழுவி நின்றது. வெவ்வேறு நோய்கள் ஒரு பெயருள் அடங்கவே, ஒன்றன் பழி மற்றொன்றையும் சாரலாயிற்று.

கிழங்கும் பாதரசமும் இந்நோயைத் தீர்த்தன என்று முன்னோர் நம்பியதேன்? முதலில் தோன்றும் புண் வலியற்றது. மருந்தின்றியே சில வாரங்களில் ஆறுவது. பின்னர்த் தோன்றும் தடிப்புகளும் தாமே மறையும். நோயோ உடலுள் ஒடுங்கி, ஆண்டுகள் பல கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்க வல்லது. கருவிலுள்ள குழவிக்கும் பரவும். புண் ஆறியதை நோய் தீர்ந்ததாகக் கொண்டமையே பிழைக்கு வித்தாயிற்று என்க.

இப்பிழையைக் களைந்தது குருதிச் சோதனையே. நோய்க்கிருமி 1905இல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே வாசர்மன் சோதனை தோன்றியது. 1943இல் பெனிசிலின் இந்நோயைத் தீர்க்கும் என்பது நிறுவப்பெற்றது. இன்றும் அதுவே தலையாய மருந்து. இணையர் இருவரும் சோதனையும் மருத்துவமும் பெறுதல், ஆணுறை வழங்குதல், கருவுற்ற மகளிர் அனைவரையும் சோதித்தல் ஆகியன தடுப்பு நெறிகளாம்.

எனினும் சோதனை என்பது ஒறுத்தலாகவும் இருந்ததுண்டு. ஆங்கில அரசு 1868இல் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம், பரத்தையரைப் பதிவு செய்து கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தியது; அவரை நாடிச் சென்ற ஆடவரைச் சோதிக்கவில்லை. 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டும், சோதனைக்குச் செல்வது இழிவென்னும் எண்ணம் நீங்கிற்றில்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த போதும், அவ்விழிவுணர்ச்சியே மக்கள்முன் தடையாக நின்றது.

இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் நிகழும் இடம் நம்பிக்கை மையம் எனப்படுகின்றது. அயலானைப் பழித்த பெயரிலிருந்து நோயாளியை அழைக்கும் பெயர்வரை நம் மொழி நடந்துள்ளது. பெயர் மாறியவாறே உள்ளமும் மாறின், நோயுற்றோர் ஒளியார். ஒளியாதவழி நோயும் பரவாது என்பது நம் துணிபு.