பெனிசிலின் அதிர்ச்சியும் வான்கோமைசின் சிவப்பும்

மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது. பெனிசிலினிலும் இது நேரலாம், வான்கோமைசினிலும் நேரலாம். கேஸ் ஷீட்டில் இரண்டும் பெரும்பாலும் 'அலர்ஜி' என்றே பதிவாகின்றன. உள்ளே நடப்பது வேறு வேறு.

பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவரின் உடல், முன்பு சந்தித்த மருந்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாராக வைத்திருக்கும். மருந்து மறுபடி வந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அதற்கு மிகச் சிறிய அளவே போதும். ஆகவே டெஸ்ட் டோஸ் போடும்போதே அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். வான்கோமைசினோ அதே செல்களை நேரடியாகத் தூண்டுகிறது. முன்பழக்கம் தேவையில்லை, முதல் டோஸிலேயே சிவக்கலாம். இங்கே குற்றவாளி பெரும்பாலும் வேகம்தான். ஒரு கிராமை 60 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்றினால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். சிவந்துவிட்டால் டிரிப்பை நிறுத்தி, ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து கொடுத்து, அடங்கியதும் பாதி வேகத்தில் தொடரலாம்.

பெனிசிலினில் மூச்சு இறுகி பிபி சரிந்தால் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போட வேண்டும். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போட வேண்டும். ஏவில் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அதற்குப் பிறகுதான். அவற்றை முதலில் தேடுவதில் கழியும் நிமிடங்கள் உயிரைப் பறிக்கக்கூடியவை. வான்கோமைசினிலும் அரிதாக இதே நிலை வரும். அப்போது காரணத்தை ஆராயாமல் அட்ரினலின்தான்.

அலர்ஜி பதிவில்தான் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பெனிசிலின் அலர்ஜி என்ற பதிவோடு இருக்கிறார்கள். முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அந்த மருந்தைத் தாங்குகிறார்கள். பலருக்குச் சிறுவயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு மருந்தின் கணக்கில் ஏறியிருக்கும். உண்மையான ஒவ்வாமையும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலானோருக்குத் தேய்ந்துவிடும். இப்படிப்பட்டவருக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று வந்தால், பெனிசிலினுக்கு உறவான செஃபசோலினுக்குக் கட்டுப்படும் கிருமிக்குக்கூட வான்கோமைசின் கொடுக்கப்படுகிறது. அந்தக் கிருமியிடம் அது பலம் குறைந்த மருந்து. அதை வேகமாக ஏற்றிச் சிவந்தால் இரண்டாவது அலர்ஜியும் பதிவாகிவிடும். நல்ல மருந்துகள் இரண்டும் அந்த நோயாளிக்கு இல்லாமல் போகின்றன.

ஆகவே பதிவில் மருந்தின் பெயர் மட்டும் போதாது. எவ்வளவு மருந்து, எத்தனை நிமிடத்தில் ஏற்றப்பட்டது, எப்போது என்ன தெரிந்தது, பிபி எவ்வளவு இருந்தது, எதைக் கொடுத்ததும் அடங்கியது என்பதையும் எழுத வேண்டும்.