கூலி பெறாதவர் கட்டிய செய்மதி



மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் காட்சியை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தேர்வடம் பிடிக்க வருபவர் எவரும் கூலிக்கு வந்தவரல்லர். ஆகவே அவர்களை வேலைநீக்கம் செய்வதாக அச்சுறுத்தவும் முடியாது. சம்பள உயர்வு தருவதாக ஆசை காட்டவும் முடியாது. எந்த ஊர்த் தேரானாலும் முன்வடம் எவருக்கு என்ற சச்சரவு ஒரு மூலையில் நடந்துகொண்டுதான் இருக்கும். தேரும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இதனை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஓர் அளவுநாடாவினால். எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழக மாணவர் சிலர், தச்சர் பாவிக்கும் எஃகு அளவுநாடாவைத் துண்டுகளாக வெட்டி ஓர் அன்ரெனா செய்ய முற்பட்டனர். மலைகளுக்கு மேலாகக் கடந்து செல்லும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வானொலி ஒலியைக் கேட்பது அவர்களின் நோக்கம். நாடாவை வெட்டி முடிக்குமுன்னரே கழகம் இரண்டாய்ப் பிளந்தது. பற்றவைத்த மாணவன் அன்ரெனா தன்னுடையது என்றான். நீளங்களைக் கணக்கிட்ட மாணவி தன்னுடையது என்றாள். வழக்கு அதிபர் அறைக்கு வந்தது. கலைப்பட்டதாரியான எனக்கு மின்னியல் தெரியாது. சரித்திரம் ஓரளவு தெரியும். அளவுநாடா அன்ரெனாவுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. அது விண்வெளிக்கே சென்று வந்த சரித்திரம்.

1959 ஆம் ஆண்டு, மனிதன் விண்ணுக்குச் செல்லுமுன், அமெரிக்க அமெச்சூர் வானொலியாளரான டொன் ஸ்டோனர் என்பார் ஒரு சஞ்சிகையில், எவரிடமாவது மிகுதியான ராக்கெட் ஒன்று இருக்கிறதா என்று பாதி வேடிக்கையாகக் கேட்டு எழுதினார். கலிபோர்னியாவில் ஒரு குழுவினர் அதனை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தத்தம் வேலை முடிந்து வந்தபின், வீட்டு அறைகளில் அமர்ந்து, சுமார் நாலரைக் கிலோகிராம் எடையுள்ள ஒரு பெட்டியைச் செய்தனர். 1961 டிசெம்பர் 12 ஆந் திகதி, அமெரிக்க விமானப்படையின் ராக்கெட்டில், சமநிலைக்காக வைக்கப்படும் பாரத்தின் இடத்தில் அது ஏறிச் சென்றது. 'ஒஸ்கார் 1' என்பது அதன் பெயர். சுமார் மூன்று வாரம் அது மோர்ஸ் ஒலியில் 'ஹாய்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. 28 நாடுகளைச் சேர்ந்த 570 பேருக்கு மேல் அதனைக் கேட்டு அறிக்கை அனுப்பினர்.

அளவுநாடா இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. அவுஸ்திரேலியாவில் மெல்போர்ண் பல்கலைக்கழக மாணவர் சிலர், பிறர் ஏவிய செய்மதிகளைக் கேட்டுப் பழகியவர்கள், நாமே ஒன்று கட்டினால் என்ன என்று தொடங்கினர். அமெரிக்காவுக்கு வெளியே கட்டப்பட்ட முதல் அமெச்சூர் செய்மதி அதுவே. அதன் அன்ரெனாக்கள் எஃகு அளவுநாடாவினால் ஆனவை: மடித்துக் கட்டினால் அடங்கும், கட்டவிழ்ந்தால் தாமே நிமிரும். பெட்டிக்குள் ஒரு காந்தம் வைத்து, பூமியின் காந்தப்புலத்தோடு அது தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளச் செய்தனர். 1967 இல் வேலை முடிந்து பெட்டி கலிபோர்னியாவுக்குக் கப்பலேறிற்று.

அங்கே அது காத்திருந்தது. இலவசமாக ஏற்றிச் செல்ல ராக்கெட் கிடைக்கவேண்டுமே! ஒரு வருடம் போயிற்று. இரண்டு வருடம் போயிற்று. கட்டியவர்கள் பட்டம் பெற்று உத்தியோகங்களுக்குப் போய்விட்டனர். இதற்கிடையில் 1969 இல் வாஷிங்டன் பகுதியில் 'அம்சாட்' என்ற புதிய சங்கம் தோன்றியது. மெல்போர்ண் மாணவரின் பெட்டியைப் பொறுப்பேற்று, மீண்டும் சோதித்து, 1970 ஜனவரி 23 இல் அதனை விண்ணேற்றியவர்கள் இந்தச் சங்கத்தார். ஒருவர் பெற்ற பிள்ளையை மற்றொருவர் பூட்டி அலங்கரித்து மணமேடைக்கு அனுப்பியது போன்ற காரியம் இது. இதிற் கசப்பு எழ எத்தனை வழியுண்டு என்பதை ஒரு கல்யாணத்தையாவது நடத்திப் பார்த்தவர் அறிவர். ஆயினும் அந்தச் செய்மதி 'அவுஸ்திரேலிஸ்' என்ற பெயருடனேயே சென்றது. இன்றும் அது மெல்போர்ண் மாணவரின் செய்மதி என்றே பேசப்படுகிறது. தரையிலிருந்து கட்டளை அனுப்பி அதன் ஓர் அனுப்பியை நிறுத்தவும் இயக்கவும் கூடியதாயிருந்தது. அமெச்சூர் செய்மதிகளில் அஃது முதல் முறை. என் மாணவரிடம் நான் விரிவாகச் சொன்னது இந்தப் பகுதியைத்தான். பெயரைக் கட்டியவருக்கே விட்டு, வேலையை மட்டும் எடுத்துக்கொண்ட அந்தச் சங்கத்தாரின் பெருந்தன்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1974 இல் ஏறிய ஒஸ்கார் 7 இன்னொரு விதம். கேட்டதை வாங்கி மீண்டும் பூமிக்கு அனுப்பும் கருவிகள் அதில் இரண்டு இருந்தன. ஒன்று அமெரிக்கருடையது, மற்றையது ஜெர்மானியருடையது. இரண்டையும் ஒருங்கே இயக்க மின்சாரம் போதாது. எனவே ஒரு கடிகாரம் 24 மணிக்கொரு முறை ஒன்றை நிறுத்தி மற்றதை இயக்கிற்று. மின்சாரச் சிக்கனமே அதன் காரணம். ஆனால் நிர்வாகம் செய்பவனுடைய கண்ணுக்கு அந்தக் கடிகாரம் நல்லதொரு தலைவனாகவே தோன்றுகிறது. மின்கலம் பழுதாகி 1981 இல் ஊமையான அச்செய்மதி, 2002 இல், சூரிய ஒளி மேலே படும் வேளைகளில் மட்டும், மறுபடியும் பேசத் தொடங்கியதென்பது தனி அதிசயம்.

பிறகு ஆசை உயர்ந்தது. தாழப் பறக்கும் சிறு பெட்டிகள் சில நிமிடங்களில் அடிவானத்தில் மறைந்துவிடும். மணிக்கணக்காகப் பேசவேண்டின் உயரப் பறக்கவேண்டும். எளியதைப் பல செய்வதா, பெரியதொன்றைச் செய்வதா என்ற விவாதம் இவர்களிடையே அன்று முதல் ஓய்ந்ததில்லை. உயரத்தை நாடியவர்களுள் ஜெர்மனியின் கார்ல் மைன்ஸர் முதன்மையானவர். அவர்களின் முதற் செய்மதி 1980 மே 23 இல், அரியான் ராக்கெட்டின் இரண்டாவது பயணத்தில், அட்லாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. உலகெங்கும் சிறுகச் சிறுகச் சேர்ந்த நன்கொடை நீரில் போயிற்று. மூன்றே ஆண்டில், 1983 ஜூனில், அடுத்ததை ஏற்றிவிட்டனர்.

மிகப் பெரிய முயற்சி 2000 நவம்பர் 16 இல் ஏறிய ஒஸ்கார் 40. பல நாட்டுத் தொண்டர் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்த, எரிபொருளோடு அறுநூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட செய்மதி அது. ஏறிய ஒரு மாதத்துக்குள், டிசெம்பர் 13 இல், உள்ளே ஏதோ வெடித்து மௌனமாயிற்று. எந்திரத்தின் ஒரு துவாரத்தில் பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட சிறு மூடி, ஏவுவதற்கு முன் கழற்றப்படாமல் விடப்பட்டதே பெரும்பாலும் காரணமாகக் கருதப்பட்டது. நூறு கைகள் தொட்ட பொருளில், எல்லோரும் கழற்றியிருப்பர் என்று எல்லோரும் நம்பிய ஒரு மூடி! பாடசாலை விளையாட்டுப் போட்டியில், பரிசுக் கிண்ணங்களை அலுமாரியிலிருந்து எடுத்துவர எவருக்கும் சொல்லாமல் விட்ட அனுபவம் எனக்குண்டு. ஆதலால் நான் சிரிக்கவில்லை. அவர்கள் பழி சொல்லிக் கலைந்துபோகவும் இல்லை. விடாது கட்டளைகள் அனுப்பி, நத்தார் தினமாகிய டிசெம்பர் 25 இல், அதனை மீண்டும் பேசவைத்தனர். மின்கலங்கள் கைவிட்ட 2004 ஜனவரி வரை அது உழைத்தது.

மனத்தாங்கலைவிடக் கடினமான பிளவு வெளியிலிருந்து வந்தது. 1999 முதல் அமெரிக்கச் சட்டம் செய்மதிகளைப் போர்த்தளவாடங்களோடு ஒரே பட்டியலில் வைத்தது. நேற்றுவரை ஜெர்மானிய நண்பருக்கு அனுப்பிய வரைபடத்தை இன்று அனுப்பினால் குற்றமாகக்கூடும் என்ற நிலை உண்டாயிற்று. கதவை மூடிக்கொண்டு சட்டத்தின்படி நடப்போம் என்று ஒரு சாராரும், அனைத்தையும் பகிரங்கமாக வெளியிட்டு எவரும் படிக்கக்கூடியதாக்குவோம் என்று மறுசாராரும் நின்றனர். பகிரங்கக் கட்சியைச் சேர்ந்த 'ஓப்பன் ரிசேர்ச் இன்ஸ்ரிரியூட்' என்ற தொண்டர் நிறுவனம், அவ்வாறு பகிரங்கமாகச் செய்யப்படும் வேலைக்கு அக்கட்டுப்பாடு பொருந்தாது என 2020 இல் அமெரிக்க அரசின் முடிவைப் பெற்றது. இதில் என் அனுதாபம் பகிரங்கக் கட்சிக்கே; வாத்தியார் வேறெந்தக் கட்சியில் இருக்கமுடியும்?

எமக்கு அண்மையிலும் இத்தகைய கூட்டுவேலை உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005 மே 5 இல் ஏறிய இந்தியாவின் ஹாம்சாட்டில், இந்தியர் செய்த கருவியோடு ஒல்லாந்து மாணவர் ஒருவர் செய்த கருவியும் சென்றது. இலங்கையின் ராவணா 1, ஜப்பானில் நேபாள, ஜப்பானியக் குழுவினரோடு சேர்ந்து எம் நாட்டு இளம் பொறியியலாளர் இருவர் கட்டியது. 2019 ஜூன் 17 இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்றே அதிகம்.

மாணவரின் வழக்குக்கு வருகிறேன். அன்ரெனாவின் கைப்பிடியில் இருவர் பெயரையும் எழுதச் சொன்னேன். யார் பெயர் மேலே என்று மற்றொரு வழக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விண்வெளி நிலையம் கடக்கும் நேரம் பார்த்து, விளையாட்டு மைதானத்திற் கூடினோம். அவள் திசையைச் சொல்ல, அவன் பிடித்துத் திருப்பினான். பத்து நிமிடமும் இரைச்சலே கேட்டது. இடையில் ஒருமுறை மனிதக் குரல் போன்ற ஒன்று வந்து போனதென்று அவள் சொல்கிறாள். இல்லை என்கிறான் அவன். மறுவாரம் யார் பிடிப்பது என்று இருவரும் மைதானப் படியில் நின்று வாதிட்டுக்கொண்டிருக்க, நான் கதவுகளைப் பூட்டப் போனேன்.