ஒரு வயலில் இருவகை நெல்

நெற்பயிர்ச் செய்கையின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் குளங்களைப் பற்றியும், அணைகளைப் பற்றியும், அவற்றைக் கட்டுவித்த மன்னர்களைப் பற்றியுமே பேசுவர். விதையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். எங்கள் திருகோணமலை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது தமிழர் வழிவழிக் கூறிவரும் செய்தி. இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது வரலாற்றாசிரியர் பலரது கொள்கை. இதுபற்றி எழுந்த வாதங்கள் பல. ஆயின், அக்குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களில் முன்னோர் எவ்வகை விதையை, எக்காரணம் பற்றி இட்டனர் என்று வினவுவோரைக் காண்பது அரிது. நீரின் வரலாறும் விதையின் வரலாறும் ஒன்றையொன்று பிரியாதவை. அதனை விளக்குதற்கு, இருவகை நெல்லைக் கலந்து ஒரே வயலில் விதைத்த பழைய வழக்கமொன்றை இன்று எடுத்துக்கொள்வோம்.

இக்காலத்திலே விதைநெல்லிற் கலப்பிருத்தல் குற்றமாகக் கருதப்படுகின்றது. விதைக்கென வளர்க்கும் வயலில் வேற்றினக் கதிர் தலைகாட்டினால் அதனைப் பிடுங்கி எறிவது முறை. கலப்பு என்றாலே கவனக்குறைவு என்று பொருள்கொள்ளும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். ஆனால், நெல்லை நன்கறிந்த மூன்று நாட்டு உழவர்கள், அறிந்தே, அளந்தே, இருவகை விதையைக் கலந்து விதைத்து வந்தனர். காவிரிப் படுகை ஒன்று, மலையாள நாடு மற்றொன்று, வங்காளம் மூன்றாவது.

தஞ்சை மாவட்டத்தில் இம்முறைக்கு உடு என்று பெயர். குறுவை நெல்லில் பெரும்பங்கும் ஒட்டடையான் என்னும் நெல்லில் சிறுபங்கும் கலந்து, ஆனி ஆடி மாதங்களிலே ஒரே காலத்தில் விதைப்பர். குறுவை ஏறத்தாழ நான்கு மாதத்தில் விளையும். ஒட்டடையானுக்கோ அறுமாதத்திற்கு மேல் வேண்டும். ஐப்பசி மழை வலுக்குமுன் குறுவையை அறுத்துவிடுவர். அறுக்கும்போது ஒட்டடையானின் தாளும் உடன் அரியப்படும். எனினும், இன்னும் கதிர் ஈனாத அப்பயிர் மீண்டும் தழைத்து எழும். வடகீழ்ப் பருவமழையிலே வயலெங்கும் வெள்ளம் நிற்கும்போது புதிதாக நாற்று நடுதல் இயலாது. ஒட்டடையானோ முன்னரே வேர்விட்டு நிலைகொண்டிருத்தலின், நீரிலே நின்று வளர்ந்து தை மாசியிலே களத்துக்கு வரும். ஓர் உழவு, ஒரு விதைப்பு. ஆனால் இரண்டு அறுவடை.

ஒருங்கே விதைத்த இரு பயிர்கள் இவ்வாறு வெவ்வேறு காலத்தில் கதிர் ஈனுவது எவ்வாறு? குறுவை போன்ற நெல் நாட்களை எண்ணி வளர்வது. குறித்த நாள் நிரம்பினால் பூக்கும். ஒட்டடையான் போன்றது பகலின் நீளத்தை உணர்ந்து வளர்வது. ஐப்பசி கார்த்திகையில் பகல் குறுகும்வரை அது பூப்பதில்லை; எத்துணை முந்தி விதைத்தாலும் தன் பருவத்துக்கே காத்திருக்கும். திருகோணமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. இச்சிறு வேறுபாட்டையும் நெற்பயிர் அறிந்து நடக்கின்றது. அறிவியலார் இவ்வுண்மைக்குப் பெயரிடுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே உழவர் இதனைக் கையாண்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மலையாள நாட்டிலே இதற்கொத்த முறை கூட்டுமுண்டகன் எனப்படும். விருப்புப் பருவத்து நெல்லையும் முண்டகன் பருவத்து நெல்லையும் கலந்து சித்திரை வைகாசியில் விதைப்பர். முன்னது ஆவணி புரட்டாசியிலும் பின்னது மார்கழி தையிலும் அறுவடையாகும். வங்காளத்திலே ஆவுஸ் என்னும் விரைநெல்லும் ஆமன் என்னும் நெடுநெல்லும் பங்குனி சித்திரையிற் கலந்து விதைக்கப்பட்டன. ஆற்று வெள்ளம் முந்தி வருமாயின் ஆவுஸ் அழியக்கூடும். அப்போதும், வெள்ளம் உயர உயரத் தண்டு நீண்டு வளரும் ஆமன் வகை எஞ்சி நின்று வீட்டிற்கு உணவளிக்கும்.

இம்மூன்றினும் காணப்படும் கருத்து ஒன்றே. நீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது உழவன் கையில் இல்லை. ஆதலின் அவன் தன் நம்பிக்கை முழுவதையும் ஒரு விதையில் வைக்கவில்லை. கலந்து விதைத்தலில் ஒவ்வொரு நெல்லின் விளைவும் தனித்து விதைத்ததிலும் குறைவாகவே இருக்கும். அக்குறைவை அவன் அறிந்தே ஏற்றான். நல்ல ஆண்டில் சிறிது இழந்து, தீய ஆண்டில் முற்றும் இழவாது பிழைத்தல் அவன் கணக்கு.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். 1659ஆம் ஆண்டு புயலிற் பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடும்பொருட்டுக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. மறு ஆண்டில் கப்பற்றலைவரும், அவர் மகன் ரொபேட் நொக்சும், உடன்வந்தோர் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிற் சிறையிருந்த மகன், 1679இல் தப்பி, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல், அக்காலத்து மலைநாட்டு நெற்செய்கையை அறிவதற்கு அரியதொரு சான்றாகும்.

மலைநாட்டார் நெல்லை அது விளையும் காலங்கொண்டு வகைப்படுத்திப் பெயரிட்டனர் என்று நொக்ஸ் கூறுகின்றார். ஏழு மாதத்து நெல் மாவீ. நான்கு மாதத்து நெல் ஹீனட்டி. இடையிலும் கீழும் ஆறு, ஐந்து, மூன்று மாதத்து வகைகள். நீண்ட கால நெல்லே மிகுதியாக விளையுமாயின் ஏனையவற்றை ஏன் விதைக்கின்றனர் என்ற வினாவை அவரே எழுப்பி, விடையும் தருகின்றார். நீர் நெடுநாள் நிற்கும் வயலுக்கு நெடுநாள் நெல். நீர் விரைவில் வற்றும் வயலுக்குக் குறுநாள் நெல். அத்துடன் வேறொரு விதியும் இருந்தது. வயல்கள் யாவும் ஒரே பொதுவேலிக்குள் இருந்தன. அறுவடை முடிந்ததும் வேலியைப் பிரித்து மாடுகளை உள்ளே விடுவர். ஆகவே, வெவ்வேறு வயதுடைய நெல்லாயினும் யாவும் ஒருங்கே விளையுமாறு விதைப்புக் காலத்தை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கே இருவேறு வழிகள் தெரிகின்றன. தஞ்சை உழவன் ஒரே வயலில் இரு நெல்லை வைத்து அறுவடையைப் பிரித்தான். மலைநாட்டு உழவன் வெவ்வேறு வயல்களில் வெவ்வேறு நெல்லை வைத்து அறுவடையை ஒன்றாக்கினான். நிலத்தின் இயல்பும் ஊர்க்கட்டுப்பாடும் வேறுபட, முறையும் வேறுபட்டது. ஆயின் நீரின் நிலையறியாது விதையைத் தெரிவதில்லை என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது.

குளத்து நீரை நம்பிய எங்கள் மாவட்டத்துக்குப் பொருந்துவது இரண்டாவது வழியே. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் ஊர்வழக்கங்களுக்குச் சட்ட வலு அளித்தது. இன்றும் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டங்கூடி, மதகு திறக்கும் நாள், விதைக்கும் நாள், விதைக்கத்தக்க நெல்லின் வயது, மாடுகளை அகற்றும் நாள் ஆகியவற்றை முடிவு செய்கின்றனர். நொக்ஸ் கண்ட பொதுவேலி மறைந்தாலும் அதன் விதி மறையவில்லை. நெல்லுக்கு வயதாற் பெயரிடும் வழக்கமும் மறையவில்லை. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்து நெல்வகைகளில் பி.ஜி. 300 மூன்று மாதத்தது; பி.ஜி. 352 மூன்றரை மாதத்தது. எண்ணைக் கண்ட அளவிலே கமக்காரர் வயதை அறிந்துகொள்வர்.

இனி, கலப்பு எவ்வாறு குற்றமாயிற்று என்பதை நோக்குவோம். பழைய நெல்வகை ஒவ்வொன்றும் தன்னளவிலே ஒரு கலவையாக இருந்தது. ஒரே பெயர் தாங்கிய நெல்லிலும் நெட்டையும் குட்டையும், முந்தியதும் பிந்தியதும் கலந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ச்சியாளர் அவற்றினின்று சிறந்த கதிர்களைத் தனித்தெடுத்துத் தூய வழிகளைப் பெருக்கினர். முருங்கைக்காயன் 302, வெள்ளை இல்லங்கலையன் 28061 போன்றவை அவ்வாறு பிறந்தவை. முருங்கைக்காயனை மாஸ் என்னும் வேற்றுநாட்டு நெல்லுடன் சேர்த்துப் பெற்றதே 1958இல் வெளியான எச்-4. இலங்கையின் நெல் விளைவை உயர்த்திய அந்நெல்லின் ஒருபாற் குருதி தமிழ்ப் பெயர் தாங்கிய பழைய விதையினின்றே வந்தது. தஞ்சையிலும் 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு நீர் உறுதியாயிற்று. 1960களின் நடுவிலே ஆடுதுறை 27 என்னும் குறுநாள் நெல் பரவியது. நீரும் உரமும் உறுதியாகவே, உடு முறை பின்வாங்கியது. இதனைக் கேடென்று கூறுதல் நேர்மையன்று. பெருகிய மக்கட்டொகைக்கு அது சோறிட்டது.

எனினும், ஒருவகை நெல்லே பரந்து நின்றால் ஒரு நோய் வந்தபோது யாவும் ஒருங்கே வீழும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வு இதற்கு எதிர்வழியைக் காட்டிற்று. நாம் எரிபந்தம் என்றும் தமிழகத்தார் குலைநோய் என்றும் கூறும் நோய்க்கு எளிதில் இரையாகும் பசைநெல்லை, அந்நோயைத் தாங்கும் கலப்பின நெல்லின் வரிசைகளுக்கிடையே நட்டனர். முதலாண்டில் 812 எக்டேரிலும், மறு ஆண்டில் 3,342 எக்டேரிலும் இது செய்யப்பட்டது. தனித்து வளர்ந்த பசைநெல்லை நோக்க, இடையே வளர்ந்ததில் நோய் நூற்றுக்கு 94 பங்கு குறைந்தது. விளைவு 89 பங்கு கூடிற்று. இரண்டாம் ஆண்டின் முடிவில் மருந்து தெளித்தலே வேண்டாதாயிற்று. நோய்வித்து பக்கத்துச் செடிக்குத் தாவும்போது அச்செடி வேறு இனமாயின், அதன் பயணம் தடைப்படும் என்பதே இதன் விளக்கம்.

அவ்வாறாயின் நாளைக்கே இருவகை நெல்லைக் கலந்து விதைக்கலாமோ? ஆகாது. அறுவடை இயந்திரத்துக்குப் பயிர் ஒருங்கே விளைதல் வேண்டும். ஆலையில் அரிசிமணி ஓரளவாயிருத்தல் வேண்டும். களைநெல் பரவிவரும் இந்நாளில் அறியாது கலந்த விதை தீமையே தரும். முன்னோர் கலந்தது அறிந்து கலந்தது. அந்த அறிவின்றி அவர் செயலை மட்டும் பின்பற்றுதல் பயன் தராது.

ஆயினும், எதனை நம்பி நாம் அவர்தம் வழியை விட்டோமோ, அவ்வுறுதிகள் அசைந்ததையும் கண்டுள்ளோம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டே உடைந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து கரையோர வயல்களில் உப்பை விட்டுச் சென்றது. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த தடை, உரத்தை நம்பி உருவாக்கிய நெல்வகைகளை விதைத்த கமக்காரரைத் திகைக்க வைத்தது. அவ்வாண்டு முடியுமுன்னே தடை நீக்கப்பட்டபோதிலும் பெரும்போகத்து இழப்பு நீங்கவில்லை.

ஆகவே, கூட்டங்கூடி நெல்லின் வயதை முடிவு செய்யும் நாம், அவ்வயதுக்குள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களை ஒரு வெளியின் வெவ்வேறு வயல்களில் விதைக்கவும் முடிவு செய்யலாம். மேட்டு வயலுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று, உவர் நிலத்துக்கு ஒன்று எனத் தெரிந்துகொள்ளலாம். அறுவடையும் கெடாது, ஆபத்தும் பகிரப்படும். பாடசாலை மாணவர் தத்தம் ஊர் முதியோரிடம் பழைய நெல்லின் பெயர், வயது, அது நின்ற நிலம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைப்பாராயின், அது எதிர்காலத்துக்குப் பெருந்துணையாகும். குளக்கட்டு உடைந்தால் மீண்டும் கட்டலாம். விதையும் அதனை விதைக்கும் அறிவும் ஒருமுறை அற்றுப்போனால், அவற்றை மீண்டும் கட்டுவதற்கு எந்த மன்னனாலும் இயலாது.